சின்னப்பிள்ளை கொல்லையில் விழுந்த கல்

ஆலங்குடிக்குக் கிழக்கே கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் தனியாகக் குடியிருந்தாள் சின்னப்பிள்ளை. புருஷன் போன பிறகு நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள். யாரையும் சட்டென்று நம்பமாட்டாள். பக்கத்துக் கொல்லைக்காரன் சேவுகன், புருஷனின் சொந்தத் தம்பிதான். அவனை அறவே நம்பமாட்டாள். வருஷா வருஷம் வரப்பைத் தள்ளிப் போடுகிறான் என்பது அவள் எண்ணம்.

1958 ஆவணியில் ஒருநாள், உச்சிவெயிலில் களை கொத்திக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே வேட்டுப் போட்டதுபோல் சத்தம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஏதோ சீறிக்கொண்டு வந்து பத்தடி தள்ளி மண்ணில் புதைந்தது. புழுதி அடங்கிய பிறகு போய்த் தோண்டினாள். தேங்காய் அளவில் ஒரு கல். கரி பூசினாற்போல் கறுப்பு. தூக்கினால் கை இறங்குகிற கனம்.

சேவுகன் ஏதோ மந்திரித்துப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினாள். கல்லைச் சாக்கில் சுற்றித் தானியக் குதிருக்குப் பின்னால் தள்ளினாள். அவனும் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போனான். செய்தவனுக்குத்தானே குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள், வெடிச்சத்தத்தை விசாரித்துக்கொண்டு புதுக்கோட்டைக் காலேஜ் வாத்தியார் ஆத்மநாதன் வந்தார்.

“இங்கிட்டு ஒண்ணும் விழல சார்” என்றாள்.

“விழுந்தாலும் பயப்பட வேணாம்மா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல ஏகப்பட்ட கல்லு சூரியனைச் சுத்திக்கிட்டிருக்கு. ஒண்ணோட ஒண்ணு மோதித் தெறிக்கிற துண்டு எப்பவாவது பூமிப் பக்கம் வந்துரும். வர்ற வேகத்துல மேல்தோலு உருகிக் கருகிப்போகும். உள்ளே இரும்பு இருக்கும், காந்தம் இழுக்கும்” என்று பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் காட்டினார் வாத்தியார்.

ஒரு கல்லுக்காக இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவானா மனுஷன்? உள்ளே தங்கம் கிங்கம் இருக்குமோ?

“அந்தக் காந்தத்தைக் குடுங்க.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் அம்மிக்கல்லில் வைத்தாள், ஒட்டவில்லை. வாசற்படிக் கல்லிலும் ஒட்டவில்லை. கறுப்புக் கல்லில் வைத்ததும் வெடுக்கென்று பிடித்தது. சாக்கோடு வெளியே கொண்டு வந்தாள்.

“தானா விழுந்ததுன்னா, என் கொல்லையத் தேடியா வந்து விழும்?”

“மேலேயே வெடிச்சிருக்கும்மா. இன்னொரு துண்டு பக்கத்துலதான் கெடக்கணும்.”

அவள் நேரே சேவுகன் வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே வாத்தியாரும் போனார். வாசலில் அவளைப் பார்த்ததும் சேவுகன் முகம் வெளுத்தது.

“மதினி, நீங்க வச்சத நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க” என்று வைக்கோற்போருக்கு அடியிலிருந்து வேப்பிலை சுற்றிய கல்லொன்றை எடுத்துப் போட்டான். அதே கரித்தோல். அதே உச்சிவெயிலில் அவன் கொல்லையில் விழுந்தது.

“நானா? நான் எதுக்குடா ஒனக்கு வைக்கப்போறேன்!”

மறுநாள் இரண்டு கற்களோடு மூவரும் காலேஜுக்குப் போனார்கள். அங்கே அறுத்துப் பார்த்த கல்லின் சாம்பல் நிற உட்புறத்தில் இரும்புப் பொடி மின்னியது. பூமி உண்டான காலத்துக் கல் என்றார் வாத்தியார். அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

ஊர் திரும்பியதும் சேவுகனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பல வருஷம் கழித்து அண்ணன் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தான். மதினி தன் இலையில் ஒரு வாய் எடுத்து விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் கை நனைத்தான்.