ஐசிங்கில் இரண்டு சிட்டிகை

என் அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவை அதுவரை ஆறு குடும்பங்கள். எதையும் எண்ணாமல் இருக்க என்னால் அப்போதும் முடியாது, இப்போதும் முடிவதில்லை. 1991 தை மாதம் ஒரகடத்து வீட்டுக்கு வந்தது ஏழாவது குடும்பம். மாப்பிள்ளைக்குக் குன்றத்தூரில் சொந்த வீடு, நிரந்தர வேலை. நிபந்தனை ஒன்றுதான் என்றார் தரகர். அத்தை சனிக்கிழமைதோறும் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறித் தாம்பரம் போய்க் கேக் செய்யப் பழகுவதைக் கல்யாணத்தோடு நிறுத்திவிட வேண்டும். அப்பா உடனே சம்மதித்தார். அத்தையை யாரும் கேட்கவில்லை. வருகிறவர்களுக்கு ஒரு கேக் செய்து வைக்கிறேன் என்று மட்டும் அவள் சொன்னாள்.

மணல் பரப்பிய சட்டியில் கேக் வெந்தது. அதன்மேல் ஊற்றும் ஐசிங்குக்காகச் சர்க்கரைப் பொடியைப் பாலில் குழைக்கும் வேலை பத்து வயதான எனக்கு.

"கட்டியில்லாம கலக்கினு இருடா. எசன்ஸ் மூணே சொட்டு" என்று சொல்லிவிட்டு அத்தை புடவை மாற்றப் போனாள்.

மூடியைத் திருகும்போதே சீசா நழுவி உடைந்தது. அவசரமாகத் துடைத்தேன். பெருமாள் கோயில் லட்டு மணப்பது பச்சைக் கற்பூரத்தால்தான் என்று எனக்குத் தெரியும். சாமி மாடத்து டப்பாவிலிருந்து இரண்டு சிட்டிகை எடுத்துப் போட்டேன்.

திரும்பி வந்த அத்தை விரலால் தொட்டு ருசி பார்த்தாள். என்னையும் ஒருமுறை பார்த்தாள். "நீ போய் சட்டைய மாத்து" என்றாள்.

மாப்பிள்ளையின் மாமா ஒரு வாய் தின்றதும், பழக்கதோஷத்தில் உள்ளங்கையைத் தலையில் துடைத்துக்கொண்டார். வழுக்கையில் சர்க்கரை வெள்ளையாக ஒட்டியது. மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா இது, தீர்த்தமாட்டம் கீது? நெஞ்செல்லாம் எரியுது."

"எனக்கு இப்படித்தாங்க செய்ய வரும்" என்றாள் அத்தை, குனிந்த தலை நிமிராமல்.

போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். "நான்தான் அத்தே, கற்பூரம் போட்டேன்."

"எவ்ளோ போட்ட?"

"ரெண்டு சிட்டிகை."

"அது ஒண்ணும் பண்ணாதுடா. அழாத."

டப்பாவை எடுத்துப் பார்த்தேன். காலையில் பாதிக்குமேல் இருந்தது, இப்போது துடைத்ததுபோல் காலி. கற்பூரம் காற்றில் கரைந்துவிடும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மூடியை நான்தான் சரியாக மூடவில்லை போலும்.

அடுத்த சனிக்கிழமை அத்தை ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ரயிலுக்குக் கிளம்பினாள். நானோ சீசா, கற்பூரம், மூடி என்று என் குற்றங்கள் மூன்றையும் எண்ணிக்கொண்டு, அவள் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனே என்று வாசலில் நின்றேன்.