கூரையைக் கழற்றிய படம்

நாட்டில் இப்போது நடக்கிற சண்டை தொடங்குவதற்கு முந்தின வருடம், சித்திரை மாதக் கடைசி. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற எங்கள் ஊரில், கண்ணகி அம்மன் கோயில் வாசலில் இது நடந்தது.

அப்போது நான் பட்டணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில், பாலங்களுக்கும் மதகுகளுக்கும் படம் கீறுகிற பகுதியில் வேலையாக இருந்தேன். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வயல் செய்கிற குடும்பம் எங்களது. வீட்டில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான்தான். இந்தியாவில், பழைய சர்வகலாசாலை இருக்கிற ஒரு நகரத்தில், கட்டடக்கலைப் பள்ளி ஒன்றுக்கு மனுப் போட்டிருந்தேன். அவர்கள் அனுப்பிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த நகரத்தின் படம் இருந்தது. கல் தூண் வரிசை, மணிக்கூட்டுக் கோபுரம், பின்னால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற குவிமாடங்கள். வேலை இல்லாத நேரமெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அம்மா எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய ஊட்டில ஆர் இரிக்கிற?"

"படிக்கிற பொடியன்மார்."

"அப்ப கூட்டிப் பெருக்கிறது ஆர்?"

அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

பள்ளியில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. தன் ஊர்ப்பக்கத்துப் பழைய கட்டடம் ஒன்றைத் தானே அளந்து, பிளான் கீறி அனுப்ப வேண்டும். மட்டக்களப்பில் பழைய கட்டடம் என்றால் எல்லாருக்கும் கோட்டைதான் வாயில் வரும். ஆனால் கோட்டையின் பிளான் எங்கள் கந்தோர் அலுமாரியிலேயே கிடந்தது. கந்தோர்க்காரன் அதைப் பார்த்துப் படியெடுத்து அனுப்பிவிட்டான் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடலாம். அதனால் ஊர்க் கோயிலை அளப்பது என்று முடிவு செய்தேன்.

மண் சுவர், வைக்கோல் கூரை, முன்னால் ஒரு மண்டபம், உள்ளே அம்மன் இருக்கிற சிறிய அறை. அவ்வளவுதான் கோயில். வைகாசிச் சடங்குக்குச் சில நாட்கள்தான் கதவு திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு. திறந்தாலும் அந்த அறைக்குள் போகிறவர் பூசை செய்கிற கப்புகனார் ஒருவர்தான். அவரும் மூச்சுக் காற்றுப் படக்கூடாதென்று வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் போவார். சாவி, கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் வீட்டில். என் படமோ, கதவு திறப்பதற்கு முன்பே தபாலில் போயாக வேண்டும்.

சடங்குக்காக அந்த வாரம் கூரையைப் பிரித்து வேய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மன் அறைக்கு மேலே மட்டும் வெள்ளைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். நான் வெளிச்சுவரை நாடா பிடித்து அளந்தேன். மண்டபத்துக் கூரையின் வளைமரங்களின் நீளம் எடுக்க ஏணியிலும் ஏறினேன். பலரும் கண்டார்கள்.

உள்ளறையைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. கந்தோரில் பழைய பாலங்களுக்குப் படம் கீறும்போது அத்திவாரத்தைப் பார்க்க ஒருவரும் வாவிக்குள் முங்குவதில்லை. மேலே உள்ள அளவை வைத்துக் கணக்குப் போட்டுக் கீறிவிடுவோம். அந்தப் பழக்கத்திலேயே வெளி அளவிலிருந்து சுவரின் தடிப்பைக் கழித்து, ஒரு சதுரம் போட்டு, நடுவில் பீடமும் இடதுபக்கச் சுவரில் ஒரு விளக்கு மாடமும் வைத்து, மையால் முடித்துவிட்டேன்.

தபாலில் போட முன் படத்தைக் கோயிலடிக்குக் கொண்டுபோனேன். நாடாவின் மறுமுனையைப் பிடித்துத் தந்தவர்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். வண்ணக்கர் வேம்படியில் இருந்தார். அப்பா கீழே நின்று கூரைக்கு வைக்கோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். தாளைப் பலகையில் விரித்தேன்.

"இதென்ன மகன், கோயிலா, வயல் வரம்பா?" என்றார் வண்ணக்கர்.

"கூரையைக் கழட்டிப்போட்டு மேல இரிந்து பாத்தா எப்பிடித் தெரியும், அதுதான் இது" என்றேன்.

அவ்வளவு கெதியாக அவர்களுக்கு விளங்கும் என்று நான் நினைக்கவில்லை. இது கிணறு, இது வேம்பு, இது பொங்கல் அடுப்பு வைக்கிற இடம் என்று ஆளுக்கு ஆள் கண்டுபிடித்தார்கள். அம்மாவின் விரல் வாசலால் நுழைந்து, மண்டபத்தைக் கடந்து, உள்ளறையில் வந்து நின்றது.

"இதுக்குள்ள நீ எப்ப மனே போன?"

அம்மா வித்தியாசமாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கூரையில் வேலை செய்த கைகள் நின்றுவிட்டன.

"போகல்லம்மா."

"போகாம எப்பிடி விளக்கு வைக்கிற இடம் தெரியும்?" இது வண்ணக்கர்.

"கணக்கில கீறின."

"அம்மாள்ட அறைக்கு என்ன கணக்கு?"

மேலே வேய்ந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர், வேறு குடியைச் சேர்ந்தவர், குனிந்து சொன்னார். "அவன்தானே சொல்றான், கூரையைக் கழட்டி மேல இரிந்து பாத்த எண்டு. ஏணியில நிண்டதை நானும் கண்டநான்."

எனக்கு நானே சாட்சி சொல்லிவிட்டது போல் ஆயிற்று.

எங்கள் ஊரில் சடங்கு நாட்களில், குடி என்று சொல்கிற ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு பூசை உண்டு. குடியில் ஒருவன் கோயிலுக்குக் குற்றம் செய்தான் என்று வந்தால் அந்த வருடம் அந்தக் குடியின் பூசை நின்றுவிடும். குடியிலுள்ள அத்தனை வீடும் அன்று வாசலில் வெறுங்கையோடு நிற்க வேண்டும். அதனால் வண்ணக்கர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தார்.

"விசாரிக்காம உங்கட குடிக்குப் பூசை தர ஏலாது. தாளும் என்னட்ட இரிக்கட்டும்" என்று சொல்லிப் படத்தைச் சுருட்டினார்.

அப்பா வைக்கோல் கட்டைக் கீழே வைக்காமலே நின்றார். "அவன் பொய் சொல்லமாட்டான்" என்றார். அதை அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர்தான். வாவியில் வலை வீசிக்கொண்டிருந்த கப்புகனாரைக் கூட்டிவர ஆள் போனது. ஈர வேட்டியோடு வந்தார். கையைத் துடைத்துவிட்டுத் தாளைத் தலைகீழாகப் பிடித்தார். வண்ணக்கர் திருப்பிக் கொடுத்தார். கப்புகனார் படத்திலிருந்த அந்த அறையையே கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சதுரம் சரியாக இருந்தால் என் கதை முடிந்தது. கீறின படம் பிழையாக இருக்கவேண்டும் என்று நான் அம்மாளை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"இது உள்ள பாத்தவன் கீறினதில்ல" என்றார்.

"நிச்சயமாவா?" என்றார் வண்ணக்கர்.

"உள்ள போற ஆள் நான்தானே."

கூரையில் இருந்தவர் விடவில்லை. "அப்ப எது பிழை? உள்ள எப்பிடி இரிக்கி?"

கப்புகனார் அண்ணாந்து பார்த்தார். "பின்ன நான் என்னத்துக்கு வாயைக் கட்டிக்கொண்டு போறன் எண்டு நினைச்ச நீ?"

மேலே ஒருவர் சிரித்தார். பிறகு வண்ணக்கரும் சிரித்தார். அப்பா கையிலிருந்த வைக்கோல் கட்டை மேலே எறிந்தார்.

"உங்கட பூசை உங்களுக்குத்தான். அந்த அறையை மட்டும் அழிச்சிட்டு அனுப்பு மகன்" என்று வண்ணக்கர் தாளைத் தந்தார்.

சவர அலகால் மையைச் சுரண்டினேன். அந்த இடத்தில் தாள் பஞ்சுபோல எழும்பி நின்றது. ஓரத்தில், உள்ளே அளக்கவில்லை என்று இங்கிலீசில் எழுதினேன். குறைப்படம் என்று திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் நாள் ஆசிரியர் என் படத்தை எடுத்து, சுரண்டின இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு அடுத்தவனின் படத்தை எடுத்தார்.

இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பார்த்த கட்டடங்களையே அளந்து பழகுகிறோம். குவிமாடங்களுக்குள் வௌவால்கள் இருக்கின்றன. படிக்கட்டுகள் நடுவில் குழிந்து, எத்தனையோ தலைமுறை மாணவர்களின் கால் பட்டுத் தேய்ந்திருக்கின்றன. விடியலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து கூட்டுகிறார்கள். அதை லீவில் போனபோது அம்மாவிடம் சொன்னேன்.

சர்வகலாசாலையின் பழைய மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் சுழல் படிக்கூடு உண்டு. அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, சாவி எங்கேயென்று காவல்காரனுக்கே தெரியாது. என்னோடு அளந்தவர்கள் திறந்த பக்கத்தின் படத்தையே புரட்டி மற்றப் பக்கத்திலும் கீறினார்கள். நான் வெறுமையாக விட்டேன். ஆசிரியர் புள்ளியைக் குறைத்தார். இரண்டும் ஒன்றுதானே என்று கூட்டாளி சலித்துக்கொண்டான். ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால் பார்க்காத இடத்தில் கோடு போடப் பேனையைக் கொண்டுபோகிற நேரமெல்லாம், எனக்கு முன்னால் அம்மாவின் விரல் அங்கே போய் நின்று, இதுக்குள்ள நீ எப்ப மனே போன என்று கேட்கிறது.