நாற்றுத் தலையும் என் கத்தரிக்கோலும்

திருப்பதியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நெற்பயிருக்கு நோய் வரவழைப்பது என் வேலை. யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பாக்டீரியா கலந்த தண்ணீரில் கத்தரிக்கோலை முக்கி, இலையின் நுனியை நறுக்குவேன். வெட்டின வாய் வழியாகக் கிருமி உள்ளே போகும். இரண்டு வாரம் கழித்து, இலை எவ்வளவு தூரம் காய்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பேன். காயாத பயிர் கிடைத்த அன்றைக்கு எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கித் தரவேண்டும்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள், வரதய்யபாளையம் பக்கம். வீட்டில் தமிழ், மண்டல ஆபீசில் தெலுங்கு. இந்த நோய்க்கும் தெலுங்குப் பெயர்தான் எங்கள் வாயில் வரும்: எண்டு தெகுலு. இலையைக் காயவைக்கிற நோய் என்று அர்த்தம்.

அண்ணனுக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. நிலத்தைப் பார்த்துக்கொள்வது அண்ணி. தொடர்ந்து இரண்டு வருஷம், கதிர் வருகிற நேரமாகப் பார்த்து இலை ஓரமெல்லாம் மஞ்சளாகி, பயிர் வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது முறையும் அப்படி ஆனால் பயிர் வைப்பதை விட்டுவிட்டு ப்ளாட் போட்டுவிடலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான். சுற்றுவட்டாரத்தில் பலபேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணி எழுந்து போய் விதை நெல்லை ஊறப்போட்டாள். அவளுக்கு அந்த நிலம்தான் ஆபீஸ், ஷிஃப்ட், எல்லாம். அது போனால் நாள் முழுக்க டிவிக்கு முன்னால் உட்காரவேண்டியதுதான் என்று என்னிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்த வருஷம் ஏரிக்குத் தண்ணீர் தாமதமாக வந்தது. நாற்றங்காலிலேயே நாற்று முற்றி நெட்டையாகிவிட்டது. நடவன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். வரப்பில் கால் வைத்ததுமே பார்த்துவிட்டேன். அண்ணி நாற்றுக்கட்டு ஒவ்வொன்றாக எடுத்து, நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, அரிவாளால் ஒரே இழுப்பாக அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கீழ்க்கோடியில் ஒரு மூலை ஏற்கெனவே நட்டாகிவிட்டது.

நெட்டை நாற்றைத் தலை நறுக்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் நான் கத்தரிக்கோலால் செய்வதைத்தான் அண்ணி அரிவாளால் செய்கிறாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கேயோ ஒரு நாற்றில் கிருமி இருந்தால் போதும், அரிவாள் அதைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் எனக்குக் குரல் முதலில் போகும், நிதானம் பின்னால் மெதுவாக வரும்.

"நிறுத்துங்க அண்ணி! நீங்களே நோயத் தடவிக்கினு இருக்கீங்க!"

நடவுக்காரப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணி அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"இன்னா பாப்பா, வந்ததும் வராததுமா கத்திக்கினு வர்றே? தலைய நறுக்காம நட்டா, காத்து அடிச்சா சாஞ்சிப் பூடும். எனக்கு இந்தப் போகம்தான் கீது, தெரியுமில்ல?"

தெரியும். அதனால்தான் கத்தினேன். வரப்பில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். இந்தக் கிருமி எதையும் உடைத்துத் தின்பதில்லை. வெட்டுக்காயம் வழியாக உள்ளே போனதும், ஊசி மாதிரி ஒன்றை நீட்டித் தன் புரதங்களைப் பயிரின் செல்லுக்குள் ஏற்றும். அதில் சில புரதங்கள், பயிர் சுதாரித்துக்கொள்ளாதபடி அதன் காவலை மழுங்கடிக்கும். இன்னொன்று நேராக மரபணுக்கள் இருக்கிற இடத்துக்கே போகும். சர்க்கரையை வெளியே விடுகிற மரபணுவுக்கு முன்னால் உட்கார்ந்து அதை முடுக்கிவிடும். பயிர் தன் சர்க்கரையைத் தானே வெளியே விடும். கிருமி இருந்த இடத்திலிருந்தே தின்று கொழுக்கும்.

அண்ணி அரிவாளைச் சேற்றில் குத்தி நிறுத்தினாள்.

"எதுர் வூட்டம்மாவுக்கு பேங்க்கிலேர்ந்து பேசறேன்னு ஒருத்தன் போன் பண்ணானே, அந்த மாரியா? பூட்டும் உடையல, பீரோவும் உடையல. இவங்களே ஓடிபிய படிச்சிக் காட்டிட்டாங்க."

அதேதான் என்றேன். அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கோபம் போன இடம் தெரியவில்லை.

"சரி, இனிமே நறுக்க வேணாம். சாஞ்சா உன்னத்தான் கேப்பேன்."

நறுக்கின கட்டுகளை ஒதுக்கிவிட்டு, மிச்ச நிலம் முழுக்க நெட்டை நாற்றாகவே நட்டார்கள். நாற்று முகத்தில் அடிக்கிறது என்று நடவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பயந்தபடியே அந்த வாரம் காற்று அடித்தது. நட்டது பாதி படுத்துவிட்டது. அண்ணன் எனக்கு போட்டோ அனுப்பினான். கூடவே போன் வேறு. "உன் படிப்பு நெல்லப் படுக்க வெச்சிடிச்சி பாரு." ஆய்வுக்கூடத்தில் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நல்லவேளை, வேர் பிடித்ததும் பயிர் தானாக எழுந்து நின்றது. அண்ணியும் ஒரு போட்டோ அனுப்பினாள், அண்ணனைத் தள்ளி நிற்கவைத்துப் பயிரை மட்டும் எடுத்து.

கதிர் வரப்போகிற சமயத்தில் மறுபடி போன். கீழ்க்கோடி மூலையில் இலை ஓரம் மஞ்சளாகிவிட்டது. நடு நிலத்திலும் சில நுனிகள் மஞ்சள். அண்ணியின் குரலே சரியில்லை. அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. இலையை வெட்டி, கண்ணாடி கிளாசில் தெளிந்த தண்ணீர் விட்டு நிறுத்திவைத்தால் போதும். கிருமி இருந்தால் வெட்டின இடத்திலிருந்து பால் நூல் மாதிரி கசியும். எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர் டம்ளர். கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்த கண்ணாடி கிளாஸ் செட்டை அண்ணன் பிரிக்காமல் ஷோகேஸில் வைத்திருந்தான். அண்ணி அவனைக் கேட்காமலே பிரித்தாள்.

மூலையில் பறித்த இலையை ஒரு கிளாசில் வைத்தோம், நடு நிலத்து இலையை இன்னொன்றில். அண்ணன் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து பின்னால் நின்றான். முதல் கிளாசில் மெல்லிசாக ஒரு வெள்ளை நூல் இறங்கியது. அண்ணி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். இரண்டாவது கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தும் பார்த்தோம். தண்ணீர் ஊற்றினபடியே தெளிவாக இருந்தது. அது வெறும் பொட்டாஷ் சத்துக்குறைவு.

காய்ந்தது தலை நறுக்கி நட்ட மூலை மட்டும்தான். அது நிலத்தின் கடைக்கோடி என்பதால் அங்கிருந்து தண்ணீர் வெளியேதான் போகும். யூரியா அதிகமானால் இந்த நோய் சுலபமாகப் பிடிக்கும் என்பதால் மிச்சப் பயிருக்கு அதைக் குறைத்து, பொட்டாஷ் போட்டோம், அவ்வளவுதான். ஒவ்வொரு மழைக்கும் அண்ணி போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வாள். கதிர் நன்றாகவே முற்றியது. அறுவடையன்று எனக்கு இருந்த சந்தோஷம், ஆய்வுக்கூடத்தில் டீ வாங்கிக் கொடுத்த எந்த நாளிலும் இருந்ததில்லை.

நோய் தாங்கும் ரகங்கள் சிலவற்றில், கிருமியின் அந்தப் புரதம் உட்காருகிற இடத்தில் மட்டும் மரபணுவின் ஓரிரு எழுத்து மாறியிருக்கும். உட்கார இடம் கிடைக்காமல் புரதம் சும்மா திரும்பும். அடுத்த போகத்துக்கு அப்படி ஒரு விதை வாங்கலாம் என்று, நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் காய்ந்துபோன மூலையைப் பார்த்தபடி, அதையாவது ப்ளாட் போடலாமே என்றான்.

அண்ணி மூட்டை தைப்பதை நிறுத்தவில்லை.

"போட்டுக்கங்க. ஆனா அங்க போறதுக்கு வழி என் நெல்லுக்குள்ளதான் வரணும். நான் தொறந்து உட மாட்டேன்."