சித்தூருக்குப் போகாம இருக்க நான் வித்த கன்ட்ரோலர்கள்

கம்ப்யூட்டர்ல கேம் ஆடறதுக்கு ரெண்டு கையிலயும் புடிக்கற கன்ட்ரோலர விக்கறவன், பொருள எடுத்துக் காட்டறதுக்கு முன்னாடி “இது போனுக்கு இல்லீங்க”ன்னு தமிழ்ல பத்து வாட்டி, தெலுங்குல பத்து வாட்டி சொல்லி முடிக்கணும். என்னை மாதிரி கவுண்டருக்குப் பின்னாடி நின்னு நின்னு கால் வீங்கிப்போன சக பாவிங்களே, உங்களுக்குச் சொன்னா புரியும்.

திருப்பதியில, பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடை. கீபோர்டு, மவுசு, சார்ஜர், அதோட ஒரு ஷெல்ஃபு நெறைய கன்ட்ரோலரு. அந்த ஷெல்ஃபு என் பொறுப்பு. எல்லாம் நம்மள மாதிரி ஜனங்க தாங்கற வெலைதான். ஷெல்ஃபுக்கு முன்னாடி ஒரு பழைய மேசையப் போட்டு, அதுல ஒரு கம்ப்யூட்டர வெச்சு, “ஆடிப் பாத்துட்டு வாங்குங்க”ன்னு எழுதி ஒட்டினதும் நான்தான். கால்ல போட்டுப் பாக்காம செருப்பு வாங்குவோமா? கையில புடிச்சுப் பாக்காம கன்ட்ரோலர மட்டும் எப்படி வாங்கறது?

போணி நேரம்

வினாயக சவிதி, அதான் பிள்ளையார் சதுர்த்தி, முடிஞ்ச மறுநாள். கடையத் தொறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிட்டு முதலாளி கல்லாவுல உக்காந்தாரு. போணி ஆகற வரைக்கும் அவரு காபி கூட குடிக்க மாட்டாரு. மொதல்ல வர்ற கஸ்டமர் வெறுங்கையோட படி எறங்கினா அன்னிக்கு வியாபாரமே படுத்துடும்னு அவருக்கு நம்பிக்கை. அந்த நேரம் பாத்து லேப்டாப் பையோட ஒருத்தர் வந்தாரு. புதுசா வந்த கார் ரேஸ் கேம் ஒண்ணோட பேரச் சொல்லி, அத ஆடறதுக்கு இருக்கறதுலயே சீப்பா ஒரு கன்ட்ரோலர் குடுங்கன்னாரு.

லேப்டாப்பத் தொறந்து பாத்தேன். அத அவரு வாங்கின காலத்துல அந்த கேம செஞ்சவங்க எல்லாம் ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்திருப்பாங்க. “சார், கன்ட்ரோலர் தாராளமா வேல செய்யும். ஆனா இந்த லேப்டாப்புல அந்த கேம் தொறக்கவே தொறக்காது. காச வீணாக்காதீங்க”ன்னேன். அவரு ரெண்டு கையையும் கூப்பி, “உங்கள மாதிரி ஆளு கெடைக்கறது கஷ்டம்”னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு. எனக்கு மனசு குளுந்து போச்சு. திரும்பிப் பாத்தா, முதலாளி ஊதுபத்திய விட அதிகமா பொகஞ்சிக்கினு இருந்தாரு.

முதலாளிக்கு சித்தூர்ல இன்னொரு கடை கீது, அங்க பாதி வியாபாரம் ஜெராக்ஸ்தான். நான் குடியிருக்கறது புத்தூர்ல. என் பொஞ்சாதி மல்லிகாவுக்கு தடா பக்கம் ஒரு கம்பெனியில வேல, காலையில அஞ்சரைக்கே கம்பெனி பஸ் ஏறிடுவா. ரெண்டாங்கிளாஸ் படிக்கற எங்க பொண்ண எழுப்பி, இட்லி ஊட்டி, ரெட்ட ஜடை பின்னி, ஸ்கூல்ல உட்டுட்டு நான் திருப்பதிக்கு ரயில் புடிக்கணும். ஜடை பின்றதுல எங்க தெருவுல என்னை அடிச்சுக்க ஆளு கெடையாது, சும்மா சொல்லல. சித்தூருன்னா ஆறு மணிக்கே பஸ் ஏறணும். அப்புறம் கொழந்தைய யாரு பாப்பாங்க, ஜடைய யாரு பின்னுவாங்க? இதெல்லாம் முதலாளிக்கும் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னாரு:

“போணி நேரத்துல வாங்காதன்னு சொல்ற சேல்ஸ்மேன இப்பத்தான் பாக்கறேன். ஏழுமல, தீபாவளி வரைக்கும் பாப்பேன், இந்த மேசை சோறு போடலன்னா நீ சித்தூருக்குப் போயி ஜெராக்ஸ் எடு!”

ஹாரன் எங்க?

சந்திரகிரிக்காரரு ஒருத்தர், பஸ் டிரைவரு. இன்ஜினியரிங் படிக்கற பொண்ணோட வந்தாரு. பொண்ணு எண்ணூறு ரூபா கன்ட்ரோலர எடுத்து, “நைனா, இதுவே போதும்”னுது. “இரும்மா, ஓட்டிப் பாக்காம வண்டி எடுக்கக் கூடாது”ன்னு காக்கிச் சட்டையோட மேசையில உக்காந்துட்டாரு.

ரேஸ் ஆரம்பிச்சுது. மத்த வண்டியெல்லாம் பிச்சுக்கினு போயிடுச்சு. இவரு மட்டும் எடது ஓரமா, கல்யாணத்துக்கு ஆளு ஏத்திக்கினு போற மாதிரி நிதானமா போறாரு. “முந்துங்க நைனா!”ன்னு பொண்ணு கத்துது. “வளைவுல முந்தக் கூடாதும்மா”ன்னாரு. அப்புறம் கன்ட்ரோலர இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்து, “தம்பி, ஹாரன் எங்க?”ன்னு கேட்டாரு. இந்த கேம்ல ஹாரன் கெடையாதுங்கன்னேன். “ஹாரன் இல்லாத வண்டியில எந்த மடையன் இவ்ளோ வேகம் போவான்?”னு என்னையே மொறைச்சாரு.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாரு. ஆள்காட்டி வெரல் படற எடத்துல ரெண்டு ட்ரிகர் இருக்கும், ஒண்ணு ஆக்சிலேட்டர், இன்னொண்ணு பிரேக்கு. வெல கொறைஞ்ச சிலதுல அது வெறும் சுவிட்சு, அமுக்கினா முழுசா அமுங்கும், இல்லன்னா இல்ல. கொஞ்சம் மேல போனா, வெரல் அழுத்தற அளவுக்கு மட்டும் கொஞ்சங்கொஞ்சமா வேல செய்யற ட்ரிகர் வரும். இத நான் ரெண்டு வருஷமா “அனலாக் சார், அனலாக் சார்”னு சொல்லிக்கினு இருந்தேன், ஒருத்தருக்கும் புரிஞ்சதில்ல. டிரைவரு ரெண்டு மாதிரியையும் ஒரே ஒரு வாட்டி அமுக்கிப் பாத்தாரு. நானூறு ரூபா கூடப் போட்டு ரெண்டாவதையே எடுத்துக்கினாரு. ஏன்னு பொண்ணு கேட்டதுக்கு அவரு சொன்னத, அன்னியில இருந்து நானும் எல்லா கஸ்டமர்கிட்டயும் சொல்லிக்கினு வர்றேன்:

“அத அமுக்கினா ஒரே புடியா ஃபுல் பிரேக்கும்மா, கம்பி புடிச்சு நிக்கறவங்கெல்லாம் டிரைவர் மடியில வந்து உழுவாங்க!”

நாலு மொட்டை

மலையில இருந்து எறங்கி நேரா கடைக்கு வந்தாங்க நாலு பேரு. நாலும் மொட்டை, நாலு தலையிலயும் சந்தனம், எல்லாருக்கும் ஒரே வயசு, ஒரே மஞ்ச துண்டு. ஒயர் வெச்சத வாங்கறதா, ஒயர் இல்லாதத வாங்கறதான்னு அவங்களுக்குள்ள பஞ்சாயத்து.

முன்னாடி நின்ன மொட்டைகிட்ட தெளிவா சொன்னேன். “ஆயிரத்துக்குள்ள பாக்கறீங்கன்னா ஒயர் வெச்சதே எடுங்க. சார்ஜ் போட வேணாம், அமுக்கினதும் ஆளு குதிப்பான். அந்த வெலையில ஒயர் இல்லாதத எடுத்தா, நீங்க அமுக்கி டீ குடிச்சிட்டு வந்தப்புறம் குதிப்பான்.” அவரு நல்லா தலைய ஆட்டினாரு. உள்ள போயி டப்பாவ எடுத்தாந்து, “சரி, உங்க கம்ப்யூட்டர்ல இருந்து நாற்காலி எவ்ளோ தூரம்?”னு கேட்டேன். பேய் முழி முழிச்சாரு. புரியலபோலன்னு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இப்படியே மூணு வாட்டி ஆச்சு, தொண்டை காஞ்சு போச்சு. கடைசியில பின்னாடி நின்ன மொட்டை என் தோளத் தொட்டாரு:

“அண்ணா, நீங்க இவ்ளோ நேரம் சொன்னது என் ரெண்டு மச்சானுக்கும் ஒரு சகலைக்கும், வாங்கறவன் நான், எங்கிட்ட நீங்க ஒண்ணுமே சொல்லல!”

அஞ்சு செகண்டு

நாகலாபுரத்துல இருந்து ஒரு வாத்தியார் போன் பண்ணாரு. முந்தின வாரம் எங்ககிட்ட வாங்கினவரு. கன்ட்ரோலர்ல லைட்டு எரியுது, ஆனா கேம் அத கண்டுக்கவே மாட்டேங்குதுன்னாரு. இது பெரிய கோளாறே இல்ல. சீப்பான கன்ட்ரோலர்ல ரெண்டு மோடு இருக்கும், கேமுக்குத் தக்க மாத்திக்கணும். “ஒண்ணும் பயப்படாதீங்க சார், நடுவுல ஒரு பட்டன் கீது பாருங்க, அத அஞ்சு செகண்டு உடாம அமுக்குங்க, லைட்டு மாறும்”னேன்.

“அமுக்கறேன்”னு சத்தமா எண்ணினாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. “ஆமா, லைட்டு போயிடுச்சு.” எந்த லைட்டு சார்னு கேட்டேன். “எல்லாமே. கம்ப்யூட்டரே படுத்துடுச்சு.” மனுஷன் கம்ப்யூட்டர் டப்பாவுக்கு நடுவுல இருக்கற பவர் பட்டன அமுக்கியிருக்காரு. கல்லாவுல இருந்து முதலாளி வேற காத நீட்டிக்கினு இருக்காரு, எனக்கு அப்பவே சித்தூர் பஸ்ஸு ஹாரன் கேட்ட மாதிரி ஆயிடுச்சு. கன்ட்ரோலர்ல இருக்கற பட்டன் சார்னு மெதுவா சொன்னேன். கம்ப்யூட்டர மறுபடி போடற சத்தம் கேட்டுது. அப்புறம் சொன்னாரு:

“பாதி கேள்விய மட்டும் போர்டுல எழுதிட்டு முழு பதில் கேட்டா எப்படி சார், நானே வாத்தியாரு, எனக்குத் தெரியாதா?”

சந்தனம் குங்குமம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் கடை தொறக்கறப்பவே நகரிக்காரரு ஒருத்தர் வாசல்ல நிக்கறாரு. சொந்தமா நாலு பவர் லூம் போட்டிருக்கறவரு. கையில நான் வித்த கன்ட்ரோலரு. “இன்னா சரக்கு குடுத்த? நான் தொடவே இல்ல, ஆளு தன்னால எடது பக்கமா நடந்து போய்க்கினே கீறான், செவுத்துல முட்டிக்கினு நிக்கறான்”னு ஒரே சத்தம். முதலாளி எழுந்து வந்துட்டாரு. வித்த பொருளு திரும்பி வந்தா என் கணக்குலதான் சேரும், தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம் கூட இல்ல.

கட்டவெரலால திருப்பற ஸ்டிக்கு தன்னால நவுர்றது எந்த கன்ட்ரோலருக்கும் வர்ற சீக்குதான், ஆனா வாங்கி ஒரு மாசம் கூட ஆகலியே. ஸ்க்ரூவக் கழட்டித் தொறந்தேன். உள்ள ஒரு சின்ன கோயிலே இருந்துது. ஸ்டிக்கச் சுத்தி சந்தனம் காஞ்சு கெட்டியா புடிச்சிருக்குது, அதுக்கு மேல குங்குமம். பூஜையில தறிக்கு வெச்சு, மோட்டாருக்கு வெச்சு, பைக்குக்கு வெச்சு, கடைசியா கன்ட்ரோலருக்கும் ரெண்டு கண்ணுக்கு வெக்கற மாதிரி ரெண்டு ஸ்டிக்குலயும் தாராளமா வெச்சிருக்காரு. எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கலியேன்னு நான் பெருமாளுக்கு நன்றி சொன்னேன். பல்லு தேய்க்கற பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வெச்சு அர மணி நேரம் தேச்சு, ஆளு நேரா நடக்கறத மேசையில போட்டுக் காட்டினேன். அவரு வாங்கிக்கினாரு, ஆனா தோத்துப் போகல:

“தறிக்கும்தான் வெச்சோம், அது டக்கு டக்குனு ஒழுங்கா ஓடுது, சாமிக்கு ஆவாதது உங்க பொருளுதான்!”

எனக்குத்தாண்ணா

தீபாவளிக்கு முந்தின சனிக்கெழம. ஷெல்ஃபுல பாதி சரக்கு அப்படியே கீது. முதலாளி என்னைப் பாக்கறதே இல்ல, ஷெல்ஃபத்தான் பாக்கறாரு. எனக்கு சாப்பாடு எறங்கல. மேசையில நாலு காலேஜ் பசங்க காலையில இருந்து ஓசியில ஃபுட்பால் ஆடிக்கினு இருக்காங்க, எழுந்திருக்கற மாதிரி தெரியல.

அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்துது. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேல, மதிய சாப்பாட்டு நேரத்துல ஓடி வந்திருக்குது. “தம்பிக்கு வாங்கறியாம்மா?”ன்னு கேட்டு, ஒயர் கதை, ட்ரிகர் கதை, டிரைவர் மடி கதை எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, “எனக்குத்தாண்ணா. இதுல ஸ்டிக்கு காந்தத்துல ஓடறதா, சாதாவா? காந்தம்னா நவுராது இல்ல?”ன்னுது. அது எனக்கே அந்த டப்பாவத் திருப்பிப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. வெட்கமாப் போச்சு.

ஆயிரத்து நூறு ரூபா கன்ட்ரோலர எடுத்துக்கினு, “ஒரு மேட்ச் ஆடிப் பாக்கட்டா?”ன்னு பசங்ககிட்ட கேட்டுது. சிரிச்சுக்கினே எடம் குடுத்தாங்க. முதல் பையன் ஆறு கோல் வாங்கினான். ரெண்டாவது பையன் எட்டு. ரோட்டுல போறவங்கெல்லாம் கடைக்குள்ள வந்துட்டாங்க, முதலாளி கூட கல்லாவ உட்டு எழுந்து எட்டிப் பாக்கறாரு. தோத்த பசங்க, “அந்த கன்ட்ரோலர் சூப்பர்டா, அதான் காரணம்”னு அதையே எடுக்க ஆரம்பிச்சாங்க. பின்னாடி நின்னவங்களும் கை நீட்டறாங்க. கன்ட்ரோலர் இல்லப்பா, அந்தப் பொண்ணோட கைதான் காரணம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. எம்பொண்ணு தலைய விரிச்சுப் போட்டுக்கினு ஸ்கூல் வாசல்ல நிக்கற மாதிரி கண்ணுல பட்டுது. என் சர்வீஸ்ல மொத தடவையா வாய மூடிக்கினேன். பொருளு நெசமாவே நல்ல பொருளுதான், அதனால பாவம் பாதிதான். பில்லு போடறப்ப அந்தப் பொண்ணு கிட்ட வந்து மெதுவா கேட்டுது:

“அவங்க தோத்தது என் கையாலதான்னு நான் இப்பவே சொல்லட்டுமாண்ணா, இல்ல எல்லாருக்கும் பில்லு போட்டு முடிச்சப்புறம் நீங்களே சொல்றீங்களா?”

ஸ்வீட் டப்பா

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஷெல்ஃபுல தூசியும் நானும்தான் மிச்சம். முதலாளி கூப்பிட்டாரு. கையில ஸ்வீட் டப்பாவ வெச்சாரு, தோள்ல கையப் போட்டாரு. ஏழு வருஷத்துல அவரு என் தோளத் தொட்டதே இல்ல, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. மல்லிகாவுக்கு உடனே போன் பண்ணி, “தப்பிச்சோம்டி”ன்னு சொல்லணும்னு போன கையில எடுத்துட்டேன். நல்ல வேளை, நம்பர அமுக்கறதுக்குள்ள முதலாளி மீதியையும் சொல்லி முடிச்சாரு:

“ஏழுமல, நீ சொன்னதுதான் கரெக்டு, தொட்டுப் பாத்தாதான் ஜனம் வாங்குது. திங்கக்கெழமையில இருந்து சித்தூர் கடையிலயும் இதே மாதிரி மேசை போடறோம், அத நடத்தறதுக்கு உன்ன உட்டா எனக்கு வேற யாரு கீறாங்க?”

மேசை சோறு போடலன்னா சித்தூருன்னாரு, போட்டதுக்கும் சித்தூருன்னுட்டாரு, எப்படிப் பாத்தாலும் எனக்கு ஆறு மணி பஸ்ஸு, எம்பொண்ணுக்கு பாப் கட்டிங்கு.