காமனுக்குத் திருடிய கட்டில்

மனிதர்களின் பழக்கவழக்கங்களை ஆராயும் காலேஜ் வாத்தியார் ஒருவர் எருத்தேன்பதிப் பக்கம் வந்து, ஒரு நாடாவால் எங்கள் தலைகளை அளந்தார். "இந்த ஊரில் காலிப்பயல்கள் உண்டா?" என்றார். இருந்தோமே என்றேன். மனிதர் நாடாவைக் கீழே போட்டுவிட்டார்.

இருபது வயதில் நாங்கள் ஐந்து பேர். கிராப்புத் தலை, காதில் பீடி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. ஊரார் எங்களைத் தறுதலைகள் என்பார்கள். ஆனால் தறுதலைக்கும் சட்டம் உண்டு ஐயா! மாசியில் காமன் பண்டிகைக்குக் காமனை எரிக்கிற விறகைத் திருடித்தான் சேர்க்க வேண்டும். கேட்டு வாங்கினால் செல்லாது. பறிகொடுத்தவர் வாய் நிறையத் திட்ட வேண்டும். இது ஊர்ச் சட்டம். எங்களுக்கென்று இன்னொன்று இருந்தது. எங்களில் எவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறதோ, அவன் பெண் வீட்டிலிருந்தே ஒரு மரச்சாமானைத் திருடிக்கொண்டு வர வேண்டும்.

அந்த வருஷம் அகப்பட்டவன் நான். பெண் பக்கத்து ஊர். அவள் முகத்தை ஒரே ஒருதரம் பார்த்திருந்தேன், குரலைக் கேட்டதில்லை. எல்லோரும் காட்டு வேலைக்குப் போயிருந்த நடுப்பகலில் படலைத் திறந்துகொண்டு நுழைந்தோம். வாசலில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் கயிறு இருந்தது, மற்றது வெறும் சட்டம். உடைசல் என்று சட்டத்தைத் தூக்கினோம்.

பாதி வழியில் புது இன்ஸ்பெக்டர் மறித்தார். மேற்கே கடற்கரைப் பக்கத்துக்காரர், காமனையே கேள்விப்படாதவர். "கள்ளன்மார்!" என்று ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போனார். பெண்ணின் அப்பனுக்கு ஆள் போயிற்று.

 மாமனாராகப் போகிறவர் வாயிலிருந்து 'திருடன்' என்று ஒரு சொல் வந்தால் போதும், கம்பி எண்ண வேண்டியதுதான். கல்யாணமும் போச்சு. அந்த ஒருதரம் பார்த்த முகத்தை அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன், இதைச் சொல்ல வெட்கம் என்ன வெட்கம்.

அவர் வந்தார். கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூஞ்சி சிவந்துவிட்டது.

"ஏனுங்க மாப்ளே, கண்ணு அவிஞ்சு போச்சுங்களா? உங்களுக்குன்னு ஆசாரியக் கூப்பிட்டுச் செஞ்ச புதுக் கட்டலுங்க இது. கயிறு இன்னும் போடுலீங்க. இதைப் போயி எரிக்கறதுங்களா? கலியாணத்தன்னிக்குத் தரையில படுத்துக்கறீங்களா?"

நிச்சயம் பண்ணின மாப்பிள்ளையை 'டா' போட முடியாது. அதனால் ஒவ்வொரு வசவுக்கும் 'ங்க' போட்டு அரைமணி திட்டினார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "கேசெல்லாம் வேண்டாமுங்க, இது காமனுக்குங்க. மாப்ளைய நான் வையோணும், வஞ்சாச்சுங்க" என்றார் மாமனார். இன்ஸ்பெக்டர் எங்கள் ஐந்து பேரையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே உத்தரவு கொடுத்துத் திருடவிட்டது. மற்ற நாள்களில் நாங்கள் ஏதோ அடங்கிக் கிடந்தோமென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வாத்தியாரிடம் சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

கட்டிலை நாங்களே சுமந்து திரும்பினோம். மாமனார் வாசலில் நின்று, "படலைத் தாழ் போடாம உட்டது ஆரு?" என்று அதட்டினார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

"நாந்தானுங்கப்பா. அவுங்க வருவாங்கன்னு பழைய கட்டல எடுத்து வாசல்ல வெச்சிருந்தனுங்க."