காலிக் குழியில் மூன்று நொடி

கைக்கடிகாரங்களுக்குத் துல்லியச் சான்று கொடுக்கும் எங்கள் கூடத்தில் என் மாமனாருக்கு 'அரைநொடி' என்று பட்டப்பெயர். வரம்புக்கு மேல் அரை நொடி கூடிவிட்டது என்று ஒருவருடைய இரண்டு மாத உழைப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, வந்து நிம்மதியாகச் சாப்பிடுகிற மனிதர். என் கல்யாணத்துக்கு நானே நான்கு நிமிடம் தாமதமாக வந்ததை இன்றும் சொல்லிக் காட்டுவார்.

உறையில் பொருத்தாத கடிகார இயந்திரங்களைத் தட்டின் குழிகளில் வைத்து, படுக்க வைத்தும் நிறுத்தியும் ஐந்து கிடைகளில், குளிரிலும் சூட்டிலும், பதினைந்து நாள் சோதிப்போம். நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு நொடிக்கு மேல் பிந்தக் கூடாது, ஆறு நொடிக்கு மேல் முந்தக் கூடாது. தினமும் லென்ஸில் பார்த்து ஏட்டில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளை யாரும் கேட்காமலே மாமா தன் தலையில் போட்டுக்கொண்டார். மற்ற நாள்களும் சான்றிதழில் கையெழுத்தும் என் வேலை.

சனிக்கிழமை சாயங்காலம் பதினேழாம் குழி இயந்திரம் நின்றுபோனது. எடுத்து இழுப்பறையில் வைத்தேன். ஏட்டில் குறிக்க மறந்துவிட்டேன். திங்கள் காலை ஏட்டைத் திறந்தால், பதினேழுக்கு நேரே ஞாயிறு அன்று 'கூடுதல் மூன்று நொடி' என்றிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா, நேத்து பதினேழு எப்படி இருந்துச்சு?"

"நல்லா ஓடுச்சும்மா."

"அது காலிக் குழி மாமா."

"காலியா? என்னம்மா உளறுற?"

தட்டின் மேல் குனிந்தார், மூக்கு அதன் கண்ணாடி மூடியில் இடித்தது. மூச்சுக்காற்று பட்டாலே கத்துகிறவர், மூடியைத் திறந்து ஒவ்வொரு குழியாக விரலை விட்டுத் தடவினார்.

"கண்ணு தெரியலையா மாமா?"

"முள்ளு மட்டும் கண்ணுல விழ மாட்டேங்குது. நீ எழுதுன நம்பரெல்லாம் பாத்து ஒரு உத்தேசமா போட்டேன்."

"எத்தனை ஞாயிறு?"

"போன வருஷத்துலேருந்து."

அடப்பாவி மனுஷா! ஒரு வருடம். எத்தனை பேர் மணிக்கட்டில் அந்த உத்தேசம் ஓடிக்கொண்டிருக்கிறதோ! ஆத்திரம் வந்தது.

"நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க மாமா. நான் சொன்னா நல்லா இருக்காது."

சரி என்று தலையாட்டினார். ஓராண்டுச் சான்றுகளின் நகல்களை நான் சுமந்து போனேன். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மேலாளர் கட்டைப் பிரித்தார்.

"என்ன இது? யாரு கையெழுத்து?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"என்னோடது சார்" என்றேன். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.