அன்புச்செல்வி சொன்ன விலை

எங்கள் வேங்கிக்காலில் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் அன்புச்செல்விக்கு வேகமான வண்டி என்றால் உயிர். அவரிடம் இருப்பது என்னவோ ஒரு பழைய ஸ்கூட்டிதான். ஆனாலும் வரப்போகிற ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி, தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பேசி வீடியோ போடுவார்.

போன வருடம் ஒரு வெளிநாட்டு கம்பெனி தன் புது காரின் படங்களையும் எஞ்சின் விவரத்தையும் மட்டும் வெளியிட்டது. ஐம்பது லட்சத்துக்குள் வந்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். அன்புச்செல்வி எடையை உத்தேசமாக வைத்து, வரியையும் சேர்த்து இரண்டு நாள் கணக்குப் போட்டார்.

“எழுபது லட்சத்துக்குக் கம்மியா வராதுங்க. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அஞ்சு செகண்ட் ஆவும்,” என்றார்.

“சீட் தைக்கிறவங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று ஒருவர் கமெண்ட் போட்டார்.

“தைக்கறதுக்கு முன்னாடி சீட்டைக் கழட்டித் தூக்கறதும் நான்தாங்க. எந்த வண்டியில எது கனம் ஜாஸ்தின்னு என் கைக்குத் தெரியும்,” என்று பதில் எழுதினார்.

மார்ச் மாதம் கார் அறிமுகமானது. விலை எழுபத்திரண்டு லட்சம். வாழ்த்துகள் குவிந்தன. அன்றைய வீடியோவில் அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. நூறைத் தொட அந்தக் காருக்கு நாலு செகண்ட்தான் ஆகியிருந்தது.

“வேகத்துல நான் சொன்னது தப்புங்க. நாலு சக்கரமும் சேந்து இழுக்கற வண்டின்னு யோசிக்காம விட்டுட்டேன். எங்க தப்பு பண்ணேன்னு காட்டறேன்,” என்று நோட்டைத் திறந்து பத்து நிமிடம் விளக்கினார்.

அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.